கேக் வேகும் வரை பேசிக்கொண்டிருந்த அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டையில் இருக்கும் அக்காவின் படத்தைத்தான் முதலில் பார்த்திருப்பீர்கள். படத்தின் ஓரத்தில் பச்சைப் புடவை சுற்றிய ஒரு தோள் தெரிகிறதே, அது என்னுடையது. இத்தனை வருடம் தனியாக வாழ்ந்த அக்காவுக்குத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டுக் காதுகுத்தில் எல்லோரும் சேர்ந்து நின்ற படத்திலிருந்து அக்காவை மட்டும் பிரித்து எடுக்கச் சொன்னோம். ஸ்டுடியோக்காரர் எவ்வளவோ முயன்று பார்த்தார். என் தோளை முழுதாக நீக்க முடியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"பொறந்த ஊரு, படிப்பு, கல்யாணம், நல்ல குணம், கடைசியில நன்றி. இந்த வரிசையில எழுதிரும்மா" என்று என் மகன் சொல்லியிருக்கிறான். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பேசித்தான் பழக்கம். அதுவும் அக்காவிடம் பேசிய அளவுக்கு வேறு யாரிடமும் பேசியதில்லை. வரிசை முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா ஆத்தூரில் பிறந்தார். அப்பா மல்லிகையும் கத்தரியும் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அக்கா மூத்தவர், நான் இளையவள், வேறு உடன்பிறந்தவர் இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தார். திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டார். மாமா ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் வேன் ஓட்டினார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஒரு கூடம், ஒரு அடுப்படி, வெளியே துணி காயப் போட மொட்டை மாடி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பேசியவர்களில் சிலர் இதை வாசித்துக்கொண்டு இருப்பீர்கள்.

ஒரு நாள் காலையில் சந்தையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியவர்கள் கூடி உட்கார்ந்தார்கள். பெரியப்பா மகன் பெரியண்ணன்தான் பேச்சை எடுத்தார். மனதில் கள்ளமில்லாதவர், குரல்தான் கொஞ்சம் பெரிது.

"ஒத்தப் பொம்பள எப்பிடித் தாயி இருப்ப? ஆறு மாசம் எங்க வீட்டுல இரு, ஆறு மாசம் தங்கச்சி வீட்டுல இரு. சாமானை ரெண்டு வீட்டுலயும் பிரிச்சு வச்சுக்கிருவோம்."

அக்கா தலை நிமிரவே இல்லை. "பாதி பாத்திரம் அங்க, பாதி பாத்திரம் இங்கன்னா, நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாதேண்ணே" என்றார். பிறகு, "எனக்குக் கொஞ்சம் டயம் குடுங்க. கையில நாலு காசு வருதான்னு பாக்குறேன். வரலைன்னா நீங்க சொல்றபடி கேட்டுக்கிறேன்" என்றார்.

கார்த்திகை முடிய என்று பெரியண்ணன் கெடு வைத்தார். "அடுத்தது மார்கழிண்ணே, மார்கழியில வீடு மாத்த மாட்டாகளே" என்று அக்கா மெதுவாக எடுத்துக் கொடுத்தார். அது நியாயம்தான் என்று தை வரை விட்டார்கள். அழுது வீங்கிய முகத்தோடு ஒரு மாதத்தை லாபம் பார்த்த ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்று மாலை என் வீட்டுக்குத் திரும்ப வத்தலக்குண்டு பஸ் ஏறும்போது நானும் கேட்டேன். "எங்க வீட்டுல உனக்கு என்னக்கா கொறை வந்துரப் போகுது?"

"கொறையே இருக்காது புள்ள. அதான் எனக்குப் பயம். கொறை சொல்லவாச்சும் எனக்குன்னு ஒரு வீடு வேணாமா?" என்றார்.

தைக்குள் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழி பண்ண வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அக்காவின் முன்னால் இருந்தது அதுதான்.

காந்திகிராமம் பக்கம் பெண்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் அக்கா கேக் போடக் கற்றுக்கொண்டார். அங்கே கேக் வேக வைக்கிற கரண்ட் ஓவன் இருந்தது. இங்கே அக்காவிடம் இருந்ததோ கல்யாணச் சீராக வந்த பெரிய அலுமினியக் குண்டான். அதன் அடியில் தூள் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு வளையத்தை வைத்து, மாவு ஊற்றிய டின்னை இறக்கி, தட்டால் மூடி, மேலே அம்மிக் குழவியை வைத்துவிடுவார். வாசம் என்னவோ தெருவரைக்கும் போகும். ஆனால் ஓரம் சிவந்து வரும்போது நடு மட்டும் வேகாமல் களியாகக் கிடக்கும். நடு வேகட்டும் என்று விட்டால் ஓரம் கருகிவிடும். தீயைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், மாவைத் தளர்த்திப் பார்த்தார். குண்டான் அசைந்து கொடுக்கவில்லை.

வேகாத நடுவை ஒரு டம்ளரைக் கவிழ்த்து அழுத்தி எடுத்துவிட்டு, ஓரத்தைத் துண்டு போட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார். எடுத்த நடுவைத் தோசைக் கல்லில் வாட்டி அவரே தின்பார். அந்த நாட்களில் பல வேளை அக்காவுக்குச் சாப்பாடே அதுதான். "தொட்டுக்க என்ன வெஞ்சனம்க்கா?" என்று போனில் கேட்டால், "கேக்குக்குக் கேக்கேதான் வெஞ்சனம்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அப்போதுதான் பயிற்சி வகுப்பில் கூடப் படித்த ஒரு பெண், நடுவில் குழாய் வைத்த வளைய அச்சு ஒன்று இருக்கிறது, சூடு நடுவிலும் ஏறும் என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. "நீ ஒரு எட்டு வா புள்ள, கடைக்குப் போவோம்" என்றார். போனேன்.

ஒரு டின் வாங்கத்தானே போகிறோம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அக்கா ஒரு நூல்கண்டோடு கிளம்பினார். குண்டானின் உள்வாயை நூலால் அளந்து ஒரு முடிச்சு, உயரத்தை அளந்து ஒரு முடிச்சு. அச்சுக்கும் குண்டானுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல் போக வேண்டும், அச்சின் மேலே தட்டு இடிக்காமல் மூட வேண்டும் என்பது கணக்கு.

முதலில் கேக் சாமான் மட்டும் விற்கும் ஏசி கடை. பூ மாதிரி மடிப்பு வைத்த கனமான அச்சு ஒன்று அங்கே இருந்தது, நகை மாதிரி மின்னியது. விலையும் நகை மாதிரிதான். அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த மடிப்புக்குள்ள பூராம் எண்ணெய் தடவுறதுக்குள்ள எனக்கு விடிஞ்சிரும்" என்று வைத்துவிட்டார். அடுத்தது ரப்பர் மாதிரி வளைகிற அச்சு. விலை தோதாக இருந்தது. அதை ஒடித்து மடக்கிப் பார்த்து, "உப்பு வச்ச குண்டானுக்குள்ள இது நிக்குமாய்யா? செருப்பு மாதிரி இருக்கு" என்றார். கறுப்புப் பூச்சுப் பூசிய அச்சு எனக்குப் பிடித்திருந்தது, கழுவ வசதி என்றேன். அக்கா அதைத் தலைகீழாகப் பிடித்து அடித்தட்டை விரலால் தள்ளினார். தட்டு தனியாகக் கழன்று வந்தது. "மாவு ஒழுகி உப்புல விழுந்தா வீடே தீஞ்ச வாடை அடிக்கும். அடி ஒரே தகடா இருக்கணும் புள்ள." கடைக்காரப் பையன்கள் எங்களைப் பார்த்த பார்வையில் நான் ரோட்டுக்கே வந்துவிட்டேன்.

கடைசியில் பாத்திரக் கடைத் தெரு. எடைக்கு நிறுத்து விற்கும் பழைய கடை ஒன்றில், பரணிலிருந்து அலுமினிய வளைய அச்சுகளை இறக்கிப் போட்டார் கடைக்காரர். அக்கா ஒவ்வொன்றையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். அமுங்கினதையெல்லாம் ஒதுக்கினார், தகடு மெலிசாக இருந்தால் அடி பிடிக்குமாம். நடுக்குழாய் விளிம்பைவிட ஒரு நூல் உயரமாக இருக்கிறதா என்று கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தார், இல்லையென்றால் பொங்கும் மாவு குழாய்க்குள் வழியுமாம். பிறகு குடிக்கிற தண்ணீரை வாங்கி அச்சில் ஊற்றி, குழாய் பொருத்திய இடத்தில் கசிகிறதா என்று காத்திருந்தார்.

"ஏக்கா, பொண்ணு பாக்கப் போறவுககூட இம்புட்டுப் பாக்க மாட்டாக" என்றார் கடைக்காரர்.

"பொண்ணைக் குண்டான்ல வச்சு மூட வேண்டியதில்லையேண்ணே" என்றார் அக்கா.

தகடு ரொம்பவும் கனமில்லாமல், மெலிசுமில்லாமல், மடிப்பு கிடிப்பு இல்லாமல் வழவழவென்று ஒன்று தேறியது. நிறுத்துப் பார்த்தார்கள். அக்காவால் கொடுக்க முடிகிற விலை. எனக்கு உயிர் வந்தது.

"பேரு வெட்டணும்ல? வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

நம் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. என் வீட்டில் கரண்டி வரைக்கும் என் கணவர் பெயர்தான். அக்கா வீட்டுப் பாத்திரங்களில் எல்லாம் மாமா பெயர். நான் மாமா பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா தன் பெயரைச் சொன்னார். மூன்றே எழுத்து. பிறந்ததிலிருந்து அக்காவின் பெயர் எந்தப் பாத்திரத்திலும் ஏறியதில்லை.

"அழுத்தமா வெட்டுங்கண்ணே, அழியாம இருக்கணும்" என்றும் சொன்னார். விசேஷ வீடுகளில் பாத்திரம் மாறிப் போவதைக் கண்ட நம் பெண்கள் எல்லோரும் சொல்வதுதான். அன்று பார்த்துக் கரண்ட் இல்லை. மெஷினை விட்டுவிட்டு, பெயர் வெட்டுகிறவர் உளியை எடுத்து டக்டக்கென்று புள்ளி வைத்துத் தட்டினார். பக்கவாட்டில், நட்ட நடுவில், அழுத்தமாக.

மறுநாள் முதல் கேக் வெந்து இறங்கியது. நடு என்று ஒன்று இல்லாததால் வேகாத நடுவும் இல்லை. அக்கா அச்சைத் தட்டில் கவிழ்த்தார். பொன் நிறத்தில் வளையம் முழுசாக வந்து உட்கார்ந்தது. சுற்றிப் பார்த்தால், வளையத்தின் பக்கவாட்டில் அக்காவின் பெயர், தலைகீழாக! உளி பட்ட புள்ளியெல்லாம் உள்பக்கம் புடைத்து, கேக்கில் குழி குழியாகப் பதிந்துவிட்டது. கவிழ்த்ததால் எழுத்து தலைகீழாகிவிட்டது. அக்கா கழுத்தைச் சாய்த்து அதை வாசித்தார். வாசித்துவிட்டு அழுதார். எடை போட்டு வாங்கிய சாமானில் பெயர் வெட்டிவிட்டால் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

முதல் ஆர்டரே கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவுடையது, பேரனுக்குப் பிறந்தநாள். கேக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டார்கள். "ஏம்மா, எம் பேரன் பொறந்தநாளுக்கு ஒன் பேரு போட்ட கேக்கா? மெழுகுவத்திய எங்க ஊணுறது, ஓட்டைக்குள்ளயா?"

"ஆமாம்மா, ஓட்டைக்குள்ளதான்" என்றார் அக்கா. நடுவை வெட்டி எடுத்த அதே டம்ளரைக் கொண்டுவந்து வளையத்தின் நடுவே வைத்து, அதில் அரிசியைக் கொட்டி மெழுகுவர்த்தியை நட்டார். பேரன் ஊதினான், கேக்கில் எச்சில் தெறிக்கவில்லை. கடைசித் துண்டு வரைக்கும் நன்றாக வெந்திருந்தது. அந்த அம்மாவே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கும் புது வருடத்துக்கும் அந்தத் தெருவில் வந்த ஆர்டரில் குண்டான் ஆற நேரமில்லை. பெயர் தலைகீழாக இல்லாவிட்டால், "இது அந்தக்கா போட்டதில்லையே" என்று கேட்கிற அளவுக்குப் பிற்பாடு வந்தது.

தை பிறந்து பெரியண்ணன் வேனோடு வந்தார். சாமான் எதுவும் கட்டி வைக்கப்படவில்லை. அக்கா ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அண்ணன் தின்றார். இன்னொன்று கேட்டார். அதையும் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "சரி தாயி, அடுத்த தைக்குப் பாத்துக்குவோம்" என்று எழுந்தார். வேன் காலியாகவே திரும்பியது. அடுத்த தையில் யாரும் பேச்சை எடுக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேட்டு வாங்கிய வீட்டில் அக்கா தனியாக இருக்க வேண்டியிருந்தது. காலையில் ஆர்டர், மாலையில் யாராவது வந்து வாங்கிப் போவார்கள், படியிறங்குவார்கள். பிறகு பேச ஆள் கிடையாது. "நாலு சுவத்துக்கும் எம் பேச்சு பழகிப்போச்சு" என்பார். வா என்றால் ஆர்டர் இருக்கிறது என்பார். நான் போய்த் தங்கலாம் என்றால் எனக்கும் வீடு, மாடு, பேரப்பிள்ளைகள்.

ஆனால் போன் உண்டு. குண்டானில் அச்சை இறக்கி மூடியதும் அக்கா எனக்குப் போடுவார். "கேக் வேகுது புள்ள, செத்த நேரம் பேசிக்கிட்டு இரு." கடிகாரம் பார்க்க மாட்டார், மணி அடிக்கிற கருவி எதுவும் கிடையாது. எங்கள் பேச்சுதான் கணக்கு. மாட்டைப் பற்றி, மருமகளைப் பற்றி, அப்பாவின் மல்லிகைத் தோட்டத்தைப் பற்றிப் பேசி முடிக்கும்போது கேக் வெந்திருக்கும். "வாசம் வந்துருச்சு, வைக்கிறேன்" என்று பட்டென்று வைத்துவிடுவார். என்னைப் பேச விட்டு, பாதியில் வைத்துவிடுகிறாரே என்று எனக்கு எரிச்சலாகக்கூட வரும். இவ்வளவு வருடத்தில் ஒரு கேக்கும் கருகியதில்லை.

எழுதிக்கொண்டே இருந்துவிட்டேன், ஒரு நிமிடம் அடுப்படிக்குப் போய் வந்தேன்.

போன வருடம் வெயில் காலத்திலிருந்து பேச்சு நீளமாகிவிட்டது. பட்டென்று வைக்கிற ஆள், "இன்னும் வேகல புள்ள, நீ பேசு" என்பார். நான் பேசுவேன். "வெந்துருச்சாக்கா?" என்றால், "இன்னும் இல்ல" என்பார். "என்ன கேக்குக்கா அது, யானைக்குப் பொறந்தநாளா?" என்று கேலி பண்ணினேன். அக்கா சிரித்தார். சிரிப்புக்கு நடுவே மூச்சு வாங்கியது. மாத்திரை போடுகிறேன், சரியாகிவிடும் என்றார்.

அக்கா ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். பால் பாக்கெட் எடுக்காமல் படியில் கிடந்ததைப் பார்த்து வீட்டுக்கார அம்மாதான் மேலே ஏறிப் போயிருக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாமானை ஒழிக்கப் போனபோது, அடுப்படியில் அந்த அச்சு துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. "கடைசி வரைக்கும் கேக் போட்டுக்கிட்டே இருந்துச்சு எங்கக்கா" என்றேன்.

வீட்டுக்கார அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "கேக்கா? மூச்சு வாங்க ஆரம்பிச்சதுல இருந்து அவுக அடுப்பே பத்த வைக்கலையேம்மா. வெக்கை ஒத்துக்கலைன்னு டாக்டர் வேணாம்னுட்டாரு. வந்த ஆர்டரெல்லாம் திருப்பி விட்டாக. நாந்தான் ரெண்டு வேளையும் சோறு குடுத்து விட்டேன்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பேசணும்போல இருக்கு என்று சொன்னால் நான் பேச மாட்டேனா? ஆனால் அக்காவுக்குச் சும்மா கூப்பிடத் தெரியாது. அடுப்பில் கேக் இருந்தால் கூப்பிடலாம், இல்லையென்றால் தங்கச்சிக்குத் தொந்தரவு. அடுப்பு எரியாத அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, வேகாத கேக்கை வேக வைத்துக்கொண்டு, அந்த மனுஷி என்னைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்று மட்டும் எனக்கு ஆறுதல். அந்தப் போனை நான் ஒரு நாளும் முதலில் வைத்ததில்லை.

நன்றி சொல்லச் சொல்லி மகன் நினைவுபடுத்துகிறான். அக்காவுக்குச் சோறு கொடுத்து, வாடகைப் பேச்சே எடுக்காமல் இருந்து, கடைசியில் அக்காவைத் தேடி மேலே ஏறிப் போன வீட்டுக்கார அம்மாவை எங்கள் குடும்பம் மறக்காது. காலியான வேனோடு அன்று திரும்பிப் போன பெரியண்ணனுக்கும், அக்காவைத் தோளில் சுமந்த தெருப் பிள்ளைகளுக்கும், பெயரைக் கழுத்தைச் சாய்த்து வாசித்து வாங்கித் தின்ற எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். அழுத்தமாக உளி போட்ட அந்த அண்ணனின் கைக்கும்தான். அவர் வெட்டியது இன்னும் அழியவில்லை.

முதல் ஆண்டு நினைவு நாளன்று இந்த மலரோடு உங்கள் கையில் ஒரு துண்டு கேக்கும் வரும். முட்டை கூடாது என்று பெரியண்ணன் சொல்லிவிட்டதால் தயிர் ஊற்றிச் செய்யும் அக்காவின் பக்குவம். எனக்குக் கைப்பழக்கம் இல்லை. ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று இன்று மதியம் குண்டானில் உப்பைப் பரப்பி, அச்சை இறக்கி மூடினேன். மூடியதும் கை தன்னால் போனை எடுத்தது. யாருக்குப் போடுவது? வேகிற வரைக்கும் பேச ஆள் வேண்டுமே. அதனால்தான் நோட்டை எடுத்து இதை எழுத உட்கார்ந்தேன்.

வாசம் அப்போதே வந்துவிட்டது. நடுவில் எழுந்து போனது அடுப்பை அணைக்கத்தான். அச்சைக் கவிழ்த்தும் பார்த்துவிட்டேன், மூன்று எழுத்தும் தலைகீழாக, சுத்தமாகப் பதிந்திருக்கிறது. இனி எழுத ஒன்றுமில்லை.

இன்னும் வேகலக்கா. செத்த நேரம் பேசு.